காத்துப் போனதோ?

சத்திரசிகிச்சை விடுதிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த தாதிய மாணவி நஃப்லாவுக்கு ஊசி போடப் பயமில்லை. புண்ணைக் கழுவிக் கட்டும்போது கை நடுங்குவதில்லை. சீழ், இரத்தம், வாந்தி எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் மத்தியானச் சோற்றை ரசித்துத்தான் சாப்பிடுவாள். அவளால் முடியாமலிருந்தது ஒரேயொரு கேள்வி.

வயிற்றைத் திறந்து குடலில் கைவைத்த நோயாளிக்கு அந்த விடுதியில் உடனே சாப்பாடு கொடுக்கமாட்டார்கள். வெட்டுப்பட்ட அதிர்ச்சியில் குடல் அசையாமல் படுத்துவிடும். அது மறுபடி வேலை தொடங்கியதற்கு நல்ல அடையாளம், நோயாளிக்குக் காற்றுப் பிரிவது. ஆகவே கேட்டே ஆகவேண்டும். தண்ணீரூற்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மீராசாகிபுவின் மகள் நஃப்லா, தன் வாப்பாவின் வயதுடைய ஓர் ஆம்பிளையிடம் அதைக் கேட்கவேண்டும்.

அந்த ஆம்பிளை ஸ்ரீபன். நாயாற்றுக் கரையில் வள்ளம் வைத்திருப்பவர். குடல் முறுக்கிக்கொண்டு துடித்தவரைத் தூக்கிவந்து ஒப்பரேசன் செய்திருந்தார்கள்.

"ஐயா, காத்துப் போனதோ?" சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள் நஃப்லா.

ஸ்ரீபன் பெருமூச்சு விட்டார். "இன்னும் இல்லைப் பிள்ளை. வாடை கிடந்து இழுக்குது..."

'இல்லை' என்ற சொல் கிடைத்ததுமே நஃப்லா அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீபனின் முகம் மலர்ந்திருந்தது. "ஓம் பிள்ளை, போட்டுது! விடிய மச்சான் போன் எடுத்தவன்..."

இந்த முறை 'ஓம்' போதுமாயிருந்தது. அவள் போய் விடுதிச் சிஸ்ரரிடம் சொல்ல, சிஸ்ரர் டொக்டரிடம் சொல்ல, கொஞ்சம் கஞ்சித்தண்ணி கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஸ்ரீபனின் மனைவி யூலிற்றா கரண்டியை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன நேரத்தில்தான் பயிற்சி ஆசிரியை விமலேஸ்வரி அந்தப் பக்கமாக வந்தார். மேளம்போல் இறுகிக் கிடந்த வயிற்றைக் கண்டார். ஸ்ரெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"கரண்டியைக் கீழ வையுங்கோ அம்மா. இவருக்குக் காத்துப் போனதெண்டு ஆர் சொன்னது?"

"அவர்தான் மிஸ்," என்றாள் நஃப்லா.

"ஓம், நான்தான் சொன்னனான்," என்றார் ஸ்ரீபன். "வாடைக்காத்து விழுந்திட்டுது. கடல் இப்ப எண்ணெய் மாதிரிக் கிடக்காம்."

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஒப்பரேசனுக்காகப் படுத்திருந்த முள்ளியவளைக் கணபதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஸ்ரீபன், பிள்ளை கேட்டது கடல் காத்தை இல்லை. உம்மட காத்தை!"

விளங்கியதும் ஸ்ரீபன் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். "ஒரு குமர்ப்பிள்ளை கேக்கிற கேள்வியே இது?"

நஃப்லாவுக்குக் கண் கலங்கியது. யூலிற்றாவின் கையிலிருந்த கஞ்சிக் கோப்பையை வாங்கி அப்பால் வைத்தாள். விமலேஸ்வரி அதிகம் ஏசவில்லை. "கேள்வி கேட்டா பதில் முடியுமட்டும் நிண்டு கேக்கவேணும் நஃப்லா. இனி ஓடாதையும். இப்ப இவரைத்தான் நடக்கவைக்கவேணும்."

நோவுக்கு மருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை பொறுத்திருந்து, ஸ்ரீபனைக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருத்தினாள் நஃப்லா. தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

"அலையில நிண்டு பழகின கால் பிள்ளை இது," என்று எழும்பியவர், எழும்பிய வேகத்திலேயே அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். காயத்தின்மேல் ஒரு தலையணையை வைத்து அமத்திப் பிடிக்கச் சொன்னாள். ஒரு கையால் சேலைன் கம்பியை உருட்டியபடி, மறுகையால் அவரைத் தாங்கியபடி விறாந்தைக்குக் கூட்டிப்போனாள்.

திரும்பி வரும்போது நோயாளர் பார்வை நேரம் தொடங்கிவிட்டது. யூலிற்றாவின் தமக்கை கலிஸ்ராவும் கோயில் சபைப் பெண்கள் சிலரும் செபமாலையோடு கட்டிலடியில் நின்றார்கள். சரியாகக் கணபதியின் கட்டிலைத் தாண்டுகிற இடத்தில் அது நடந்தது. வள்ளத்து எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்ததுபோல ஒரு சத்தம்.

செபமாலைகள் பாதியில் நின்றன. நஃப்லாவுக்கோ சந்தோசத்தில் துள்ளவேண்டும்போல் இருந்தது. "ஐயா! அது நீங்கள்தானே?"

ஸ்ரீபன் முகட்டைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் கணபதியைப் பார்த்தார். சபைப் பெண்களும் கணபதியைப் பார்த்தார்கள்.

"ஐயோ, நானில்லை! சத்தியமா நானில்லை!"

கலிஸ்ரா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வயசு போனா அப்பிடித்தான். பறவாயில்லை ஐயா," என்று கணபதிக்கு ஆறுதல் சொன்னார்.

ஸ்ரீபன் ஒப்புக்கொள்ளவே இல்லை. வயிற்றில் மெல்லிய சத்தம் தொடங்கியிருப்பதாக விமலேஸ்வரி சொன்னார். ஆனாலும் காலையில் நடந்த குழப்பத்துக்குப் பிறகு, ஆள் வாயால் சொல்லாமல் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது. பருப்பு வாசத்துக்கு ஸ்ரீபன் கண்ணை மூடிக்கொண்டார்.

நஃப்லா அவரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரருக்கும் கோயில் ஆட்களுக்கும் நடுவில் வைத்துத் தன்னை ஒருத்தர் அப்படிக் கேட்டால், தான் உயிர் போனாலும் ஓம் சொல்லமாட்டாள் என்று தோன்றியது. வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். கதிரையைக் கிட்டப் போட்டு இருந்தாள். போத்தலைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, அப்ப எல்லாருக்கும் முன்னால கேட்டது என்ர பிழை. உங்களுக்கு மாதிரி எனக்கும் வெக்கம்தான். ஆனா தெரியாமல் கஞ்சி தந்தா வயிறு ஊதிச் சத்தி எடுப்பியள். தையல் எல்லாம் நோகும். எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

ஸ்ரீபன் கொஞ்சநேரம் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நான்தான் பிள்ளை," என்றார் கிசுகிசுப்பாக. "பிறகும் ரெண்டு தரம். கணபதியரிட்டச் சொல்லிப்போடாதையுங்கோ."

"கேட்டுது!" என்று திரைக்கு அங்காலிருந்து சத்தம் வந்தது.

நஃப்லா எவ்வளவு அடக்கியும் சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீபனும் சிரித்தார். "ஐயோ, சிரிக்கப் பண்ணாதையுங்கோ, தையல் இழுக்குது!" என்று தலையணையைத் தேடினார்.

விமலேஸ்வரி திரும்ப வந்து கேட்டபோது குடல் நன்றாகவே கதைத்துக்கொண்டிருந்தது. டொக்டரும் வந்து பார்த்துச் சம்மதித்தார். கஞ்சித்தண்ணி வந்தது. அவசரப்பட்ட கையை நஃப்லா பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தாள். நடுவில் கணபதி தன் வழக்கைத் தொடங்கினார்.

"நாளைக்கு அந்தக் கலிஸ்ரா அம்மா வரேக்க, எல்லாருக்கும் முன்னால உண்மையைச் சொல்லவேணும்."

"கணபதியர், ஒரு பாரை மீன் கொண்டுவந்து தாறன். விடுங்கோ."

"ரெண்டு."

"சரி, ரெண்டு."

மீனோடு கணபதியின் மானப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. பின்னேரம் நஃப்லா அவருடைய ஒப்பரேசனுக்கு ஆயத்தம் செய்ய வந்தாள். அவர் அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்கு எனக்கு வெட்டினாப் பிறகு என்னட்டையும் உந்தக் கேள்வி கேப்பியளோ?"

"ஓம் ஐயா, கேக்கத்தான் வேணும்."

கணபதி ஸ்ரீபனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப முதல்ல இந்தாளை வெளியில கூட்டிக்கொண்டு போய் நடக்கவிட்டிட்டு வந்து கேளுங்கோ."