டெமோ பட்டனில் பட்ட விரல்

1

இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. கீபோர்டு வாங்கப் போன கடையில் என் விரல் தவறி ஒரு பட்டனில் பட்டதால் வந்தது. ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ‘அவள்’ என்றே வைத்துக்கொள்வோம்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கடைக்குள்—

(மழையே இல்லை. சும்மா கதை மாதிரி இருக்கட்டுமே என்று எழுதினேன்.)

2

தையல் வேலை பார்க்கும் அக்காவோடு அவள் போயிருந்தாள். அக்காவின் காசுக்கு அடங்கிய கீபோர்டுகள் இரண்டுதான். ஒன்று புதியது, பெரியது. ஏகப்பட்ட தாளங்கள் உண்டு. ஆனால் கட்டையை வருடினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். மற்றது சின்னது, செகண்ட் ஹாண்ட். மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசும்.

அவளுக்குச் சின்னதுதான் வேண்டும். அதை வாய் திறந்து சொல்ல வேண்டுமே!*

*இங்கே அவள் குணத்தை நாலு வரி வருணிக்கலாம். கடைக்குப் போய் எதுவும் கேட்காமல் திரும்பி வந்தவர்களுக்கு அது தேவையில்லை.

3

பெரியதை ஒப்புக்குத் தொட்டாள். விரல் டெமோ பட்டனில் பட்டது. கீபோர்டு தானாகவே ஒரு கச்சேரியைத் தொடங்கிவிட்டது. பயத்தில் கையை எடுக்கத் தோன்றவில்லை. விரல்கள் கட்டைகளின் மேல் நடுங்கின. பின்னால் நின்ற அக்காவுக்கு அந்த நடுக்கம் வாசிப்பாகத் தெரிந்தது.

“அடிப்பாவி! இதெல்லாம் எப்படி கத்துக்கிட்ட?”

“அக்கா, அது வந்து...”

“சும்மா இருடி. அண்ணே, ஓடி வாங்க! என் தங்கச்சி வாசிக்கிறதைக் கேளுங்க!”

கடைக்காரர் வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்த டெமோ பட்டனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு நல்ல கை. பெரிசையே பேக் பண்ணிடவா?”

(இவரை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். வியாபாரி, வியாபாரம் பார்த்தார். போகட்டும்.)

4

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ ஸ்கூலை விட்டுட்டு மூலையில உட்கார்ந்திருக்கான்னு சித்தி பேசுனாங்கல்ல? இப்ப வந்து பேசட்டும்!”

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. பெரியது வீட்டுக்கு வருகிறது. சித்தி வரும்போதெல்லாம் டெமோ ஓடுகிறது. நடுவில் கரண்ட் போனால் மானமும் போகும்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அக்கா அவளைக் கட்டியணைத்து—

(என் அக்காவா? முதலில் தலையில் ஒரு குட்டு விழும்.)

5

டெமோ ஒருவழியாக ஓய்ந்தது.

“இன்னொரு தடவை வாசிடி,” என்றாள் அக்கா.

அவள் சின்னதின் முன்னால் போய் நின்றாள். யாருக்கும் சொல்லாமல் மனசுக்குள் போட்டு வைத்திருந்த மெட்டை வாசித்தாள். சின்ன மெட்டு. நடுவில் ஒரு சுரம் பிசகியது.

“என்னடி இது? அது மாதிரி இல்லையே?”

“அது தானா ஓடுச்சுக்கா. இதுதான் நான் வாசிச்சது.”

அக்கா கடைக்காரரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அக்கா அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவள் உங்கள் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காத்திருக்கிறார், பெரியதற்கா சின்னதற்கா, எதற்குப் பில் போடுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.