பேச வேண்டுமாம்

எண்பது வயதில் பொறாமை வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? மணியத்துக்கு வந்தது. லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டில், காலைக் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது வந்தது. மகள் வான்மதி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "அப்பா, இது அம்மாதானே?" என்று கேட்டிருந்தாள்.

ஆர்ச்வேயில் ஒரு சின்னக் கலைக்கூடத்தில் அறுபதுகளின் லண்டன் இரவு கிளப்புகளைப் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்களாம். அங்கே மாட்டியிருந்த படம் இது. வருடம் 1967. சுவரெல்லாம் ஊதாவும் ஆரஞ்சுமாக விளக்கு வண்ணங்கள் குழம்பி வழிகின்றன. நடுவில் ஒரு பெண். பட்டுப்புடவையை வெட்டித் தைத்த குட்டைக் கவுன். சரிகைக் கரை பாதித் தொடையோடு நின்றுவிட்டது. கன்னத்தில் வண்ணத்தில் வரைந்த பூ. தலையைப் பின்னால் சாய்த்துக் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். சந்தேகமே இல்லை, நீலவேணிதான். மணியத்தைக் கட்டிக்கொள்வதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய நீலவேணி.

சரி, அது போகட்டும். பக்கத்தில் வெல்வெட் கோட்டும் தோள்வரை முடியுமாக ஒருத்தன் நிற்கிறானே, அவன் யார்? மணியம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அடப்பாவி! அம்பலவாணன்!

அம்பலவாணன் யாழ்ப்பாணத்துக்காரன். மணியம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க வந்த காலத்தில் ஒரே அறையில் கூடத் தங்கியவன். தீபாவளி தவறாமல் வீட்டுக்கு வந்து, நீலவேணி சுட்ட வடையை மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுப் போகிறவன். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி மூச்சு விட்டிருப்பானா?

"யாரோட போன?" என்று மனைவியிடம் கேட்டார்.

நீலவேணி படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நானா இது!" என்றாள். "அம்பலம் கூட்டிட்டுப் போனாரு."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நீங்க எங்க வந்தீங்க?" என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள். அவளும் மலேசியாவிலிருந்து வந்து நர்சாக வேலை பார்த்தவள்; நோயாளி முனகினால் பதறுகிற பழக்கம் கிடையாது.

அன்று முழுக்க மணியத்துக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. கவுன் குட்டையாக இருந்ததற்கு அல்ல. ஆடியதற்குக்கூட அல்ல. அந்தச் சிரிப்புக்குத்தான். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறாள், கேலி செய்து சிரித்திருக்கிறாள். இப்படித் தலை சாய்த்து, வாய் கொள்ளாமல்? ஒருநாளும் இல்லை. போயும் போயும் அம்பலவாணனுக்கா இது கிடைக்கவேண்டும்?

மறுநாள் பொறுக்க முடியாமல் போன் போட்டார்.

"அம்பலம், என் பொண்டாட்டியோட நீ ஆடியிருக்கியாமே?"

"எடேய், அப்ப அவள் உன்ர பெண்சாதியோ?" மறுமுனையில் அம்பலவாணன் சிரித்தார். "முதல்ல உன்னைத்தானே வரச்சொன்னவள். நீதான் பயந்துபோய் இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தனீ."

"என்னையா? என்னை எப்ப வரச்சொன்னா?"

"மணியத்தோட பேச வேணும், சனிக்கிழமை கிளப்புக்கு வரச் சொல்லுங்க எண்டவள். நான் வந்து உன்னட்டச் சொன்னனான். அவள் உனக்குப் பேச வேணுமாம், நல்லா வாங்கிக் கட்டப்போறாய் எண்டு."

மணியத்துக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான், மாணவர் சங்கத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "நம்ம பொண்ணுங்களுக்கு இந்த மினி ஸ்கர்ட் எல்லாம் எடுபடாது" என்று நீலவேணியிடம் சொல்லியிருந்தார். அதற்குத்தான் கிளப்பில் வைத்து மானத்தை வாங்கப் போகிறாள் என்று நடுங்கிப்போய், சார்டின் டின் ஒன்றை உடைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

"அவ பேசணும்னுதானே சொன்னா? வாங்கிக் கட்டுறது எங்கேர்ந்து வந்துச்சு?"

"பேசுறது எண்டா ஏசுறதுதானேடா! சும்மா எண்டால் கதைக்க வேணும் எண்டெல்லோ சொல்லியிருப்பாள்?" பிறகு குரல் இறங்கியது. "ஐயையோ... கதைக்கிறதையும் நீங்கள் பேசுறது எண்டுதான் சொல்லுறனீங்கள், என்ன? அது எனக்குப் பிந்தித்தான் விளங்கினது மச்சான்."

"எப்ப விளங்குச்சு?"

"இப்ப."

மணியத்துக்குக் கோபம் வரவில்லை. தலைகால் புரியாத சந்தோஷம் வந்தது. அவள் கூப்பிட்டது என்னை! கவுன் தைத்தது எனக்காக! சிரிப்பும் எனக்கு வரவேண்டியது; பாழாய்ப்போன ஒரு சொல்லால் விலாசம் மாறி அம்பலவாணனிடம் போய்விட்டது, அவ்வளவுதான்!

இதை அந்தப் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் சொல்லவேண்டும் என்று, ரயில் மாறி ரயில் ஏறி நீலவேணியை ஆர்ச்வேக்குக் கூட்டிப்போனார். படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பேசுவதும் ஏசுவதும் என்ற இடத்தில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பாரு, அவன் மட்டும் ஒழுங்கா சொல்லியிருந்தா, அந்த இடத்துல நான் நின்னிருப்பேன்," என்றார் மணியம்.

நீலவேணி சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"நீங்க வந்திருந்தா அந்தப் படமே இல்ல லா," என்றாள். "என் முழங்காலப் பார்த்ததும் உங்க கோட்டக் கழட்டிப் போத்திவிட்டிருப்பீங்க. கடைசி ரயில் போயிடும்னு இழுத்துட்டு வந்திருப்பீங்க. நானும் சரின்னு வந்திருப்பேன். அன்னைக்கு வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்க வரலன்னு ஆனதும் அழுகை வந்துச்சு. அப்புறம் பார்த்தா, என்னைய நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்ல அங்க ஒரு ஆளு இல்ல. போய் ஆடுனேன்."

"அம்பலவாணனோட."

"அவரா! என் காலை மிதிச்சே வீங்க வச்சாரு. அவருக்காகவா சிரிச்சேன்? நீங்க வரலைங்கிறதுக்குத்தான் சிரிச்சேன்."

மணியம் படத்தை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏன் என்னையே கட்டிக்கிட்ட?"

"பிடிச்சிருந்துச்சு, கட்டிக்கிட்டேன். அது வேற, இது வேற."

அவள் சொன்னதில் வன்மம் துளியும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லியிருக்கலாம். அம்பலவாணன்தான் எதிரி என்றாலாவது தீபாவளிக்கு வடை கிடையாது என்று சொல்லலாம். இப்போது யாரோடு மல்லுக்கு நிற்பது?

கலைக்கூடத்துப் பெண் ஒருத்தி அவர்களைக் கவனித்துவிட்டு ஓடிவந்தாள். படத்தையும் நீலவேணியையும் மாறி மாறிப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. பிறகு மணியத்தின் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு நீங்களும் அங்கே இருந்தீர்களா என்று ஆங்கிலத்தில் ஆசையாகக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு வாய் துடித்தது. நீலவேணி மறுத்திருக்கவும் மாட்டாள்.

"இல்லை," என்றார் மணியம். "நான் வரவில்லை. அதனால்தான் படம் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது."

சொல்லி முடித்தபோதும் அவருக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.