தினமும் இருமுறை குளித்த நாய்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு வார இதழின் பொறுப்பாசிரியர் போன் செய்து, "வெயில் ஏறிடுச்சு. இந்த சீசன்ல வளர்ப்பு நாய்ங்களுக்கு ரொம்ப அரிக்குமாம், வாசகர்கள் கேட்டு எழுதறாங்க. ரெண்டு பக்கத்துக்கு ஏதாவது கொடுங்களேன்" என்றார். எனக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லி, வந்த வேலையைக் கெடுத்துக்கொள்ளவும் இல்லை. தோல், உண்ணி, சோப்பு, பவுடர் என்று ஒரு வாரம் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி சமர்த்தாக வந்தது. இரண்டாவது பத்தியில் 'அடிக்கடி குளிப்பாட்டக் கூடாது' என்று எழுதினேன். அதோடு கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருநாள் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மடியில் துண்டு, துண்டுக்குள் பாதி முடி உதிர்ந்த நாய். அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. கட்டுரை கதையாகிவிட்டது.

(இப்போதைக்கு இந்தக் காரணத்தை நம்புங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'வெயிலின் உக்கிரத்தில் நகரம் மயங்கிக் கிடந்தது.' இப்படித் தொடங்கும் கதைகளை நானே இரண்டாவது வரியில் மூடிவைத்துவிடுவேன். உங்களை எப்படிக் குறை சொல்வது?

அடுத்தது, நாயே பேசுவதாக: 'எனக்கு அரித்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.' நாய்க்கு அதற்கு மேல் எதுவும் தெரியாததால் கதையும் அங்கேயே முடிந்துவிட்டது.

மூன்றாவது: 'முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைத்தவருக்கு ஒரு நாயைக் குளிப்பாட்டத் தெரியாதா?' இதில் ஓர் ஆள் இருக்கிறார். கொஞ்சம் வீம்பும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அவர் வேலை பார்த்த சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆள் உயர மெஷின்கள் ஆறு. ரத்தம் பட்ட துணிக்கு முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்தவுடன் சுடுதண்ணீர் விட்டால் கறை நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம்தான் சுடுதண்ணீர், சோடா, சோப்பு. பிறகு மூன்று அலசல். கடைசி அலசலில் ஒரு குவளை புளிப்புத் திரவம் விடுவார்கள், சோப்பின் காரத்தை முறிக்க. அந்தக் காரம் விரிப்பில் தங்கிவிட்டால் அதில் படுக்கிற நோயாளிக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

ஏதாவது ஒரு வார்டிலிருந்து 'அரிக்குது' என்று புகார் வந்துவிட்டால் அவருக்கு அது மானப் பிரச்சினை. மொத்த விரிப்புகளையும் கீழே வரவழைத்துத் திரும்ப அலசுவார். அரிப்பு நின்றுவிடும். முப்பத்தோரு வருஷத்தில் இந்த வைத்தியம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். அவர் செய்யப்போகும் தவறு விவரம் தெரியாததால் வந்ததல்ல. விவரம் தெரிந்ததால் வந்தது. [இப்படி நான் வக்காலத்து வாங்குவது அவருக்குப் பிடிக்காது. அடுத்த வரைவில் எடுத்துவிடலாம்.]

4

நாயின் பெயர் மாப்பிள்ளை.

அவருடைய மனைவி வைத்த பெயர். ஒரே மகள், நாற்பதை நெருங்கியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறவள், வேறு ஊரில் தனியாக இருப்பவள். [வங்கியில் வேலை என்று வைத்துக்கொள்கிறேன்.] ஒருநாள் அம்மாக்காரி தெருவிலிருந்து பழுப்பு நிறக் குட்டி ஒன்றைத் தூக்கிவந்து, கையோடு மகளைக் கூப்பிட்டாள்.

"நீ கொண்டு வர்ற மாதிரி தெரியல. அதான் நானே ஒரு மாப்பிள்ளையப் புடிச்சுட்டு வந்துட்டேன்."

குட்டியும் சும்மா இல்லை. தட்டை வைத்துவிட்டுப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து, வாங்க, சாப்பிடுங்க என்று உபசரித்தால்தான் வாய் வைக்கும். மனைவி கெஞ்சிக்கொண்டிருக்க, அவர் நாற்காலியிலிருந்து, "மோதிரம் போடலன்னு கோவமோ என்னவோ, கேளு" என்பார்.

மழைக்காலத்தில் மனைவி இறந்துபோனாள். இரண்டு அறை வீட்டில் அவரும் மாப்பிள்ளையும் மிஞ்சினார்கள். ஒருவரை ஒருவர் சாப்பிட வைப்பதே இருவருக்கும் பெரும்பாடாக இருந்தது.

வெயில் ஏறியதும் சொறிதல் தொடங்கியது. முதலில் காதுக்குப் பின்னால், பிறகு வயிறு. பின்னங்கால் தரையில் தட்தட்டென்று அடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்குகள் சிவந்துபோயின. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தினமும் குளிப்பாட்டுவது என்று முடிவு செய்தார். [யாரும் சொல்லவில்லை. அவராகவேதான்.]

5

துணி சோப்புதான். அதுதான் அவருக்கு நம்பிக்கையான சோப்பு. வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று அலசல், கடைசி அலசலில் வாளிக்கு அரைக் குவளை வினிகர். பத்து நாளில் தோல் வறண்டு செதில் செதிலாக வந்தது. அரிப்பு கூடியது. சோப்பு எங்கோ தங்கியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு வேளையாக்கினார். மூன்று அலசல் ஐந்தாயிற்று.

குளியலறையில் வாளி நகரும் சத்தம் கேட்டாலே மாப்பிள்ளை கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. அவர் முட்டி வலியோடு தரையில் மண்டியிட்டுக் கூப்பிடுவார்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்குச் சரியாயிடும்."

கூப்பிட்டது அவர் என்பதால் அது வந்தது. சொறிந்து புண்ணான இடத்தில் வினிகர் படும்போது உடம்பு நடுங்கியது, ஆனால் கடிக்கவில்லை. அவருடைய உள்ளங்கையும் உரிந்துவிட்டிருந்தது. அதை அவர் கண்டுகொள்ளவில்லை.*

* கட்டுரைக்காகச் சேர்த்தது வீணாக வேண்டாம். வெயில் காலத்தில் நாய்க்கு அரித்தால் முதலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தரை சுடாத நேரத்தில் வெளியே கூட்டிப்போங்கள். குளிர்ந்த ஈரத்துணியால் வயிற்றையும் பாதத்தையும் ஒற்றி, விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தோல் உடைந்திருந்தால் எதையும் தடவாமல் டாக்டரிடம் போங்கள். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது.

6

மகள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கதவைத் திறந்தவரைத் தாண்டி நாயைத்தான் முதலில் பார்த்தாள். முதுகில் கையகலத்துக்கு முடியில்லை.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"குளிப்பாட்டினேன்மா."

"எதைப் போட்டு?"

அவர் போய் எடுத்துவந்து காட்டினார்.

"துணி சோப்பா? வினிகர் வேறயா? துணிக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாதாப்பா உங்களுக்கு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருந்தும்படி நாலாக மடித்தார்.

"உங்களால உங்களையே பாத்துக்க முடியல. இவனை நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போம்மா. உன்கிட்ட இருந்தா பொழைச்சுக்குவான்."

வண்டியில் ஏற்றும்போது தட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். "வச்சுட்டுப் போயிடாத. பக்கத்துல உக்காந்து கூப்பிடணும்" என்றார்.

இதுவரை எழுதியதைத் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். "அந்த மகளைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. கொஞ்சம் நல்லவளா ஆக்கித் தொலையேன்" என்றாள். முயன்றேன். வங்கியில் லீவு கிடைக்காமல் அவள் தவித்ததாக ஒரு பக்கம் எழுதினேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததாக எழுதி, பிறகு வண்டி இருப்பது ஞாபகம் வந்து அடித்தேன். எதுவும் அவள்மேல் ஒட்டவில்லை. மகள் உண்மையில் அப்பாவைப் பற்றி என்ன நினைத்தாள் என்றால், என்னைப் பொறுத்தவரை

[இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.]

7

பெஞ்சு பொய். அவர் எந்தக் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான். வங்கியும் பொய். அந்த மகள் கதை எழுதிப் பிழைக்கிறாள்.

நான்காம் பகுதியில் 'யாரும் சொல்லவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறதே, அங்கே வரவேண்டியது இதுதான். நான் வேறொரு கதையின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை ரொம்பச் சொறியறான்மா. என்ன பண்றதுன்னே தெரியல."

"வெயில்ப்பா. தினமும் குளிப்பாட்டுங்க, சரியாயிடும்."

"தினமுமா? தாங்குவானா?"

"ஆமாம்ப்பா, தினமும். நான் அப்புறம் பேசறேன்."

எனக்கு எதுவும் தெரியாது. போனை வைக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அவரைத் திட்டியபோதும் ஞாபகமில்லை. மாப்பிள்ளை இன்னும் குணமாகாத நாட்களில், கட்டுரையின் இரண்டாவது பத்தியில் 'அடிக்கடி குளிப்பாட்டக் கூடாது' என்று எழுதிய நிமிஷத்தில்தான் 'தாங்குவானா' என்று அவர் கேட்ட குரல் காதில் விழுந்தது.

அவர் மறந்திருக்கமாட்டார். எந்த வருஷம் எந்த வார்டிலிருந்து புகார் வந்தது என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவர். அன்று வாயெடுத்தது, 'நீதானேம்மா சொன்ன' என்று கேட்கத்தான். கேட்காமல் துண்டை மடித்தார். மகளிடம் திட்டு வாங்கிக்கொள்வது மகளைக் குற்றம் சொல்வதைவிட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டரம்மா குளியலை நிறுத்தச் சொன்னார், களிம்பு கொடுத்தார். ஒரு மாதத்தில் முதுகில் முடி மூடிவிட்டது. மாப்பிள்ளை இப்போது என் மேஜைக்கடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு அப்பா போனில், "எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்கும்போது, "இன்னும் கொஞ்சம் இருக்குப்பா" என்கிறேன்.

"எதனால வந்துச்சாம்? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டெஸ்ட் எடுத்திருக்காங்கப்பா. வரல."

குணமாகிவிட்டது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து, ஆறிப்போன புண்ணை இரண்டு மாதமாக ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். அங்கே அவர் தனியாகச் சாப்பிடுகிறார். சாப்பிடுகிறாரா என்பதும் எனக்குத் தெரியாது.

8

முடிவுகள்.

அ) போனிலேயே உண்மையைச் சொல்கிறேன். "அட, அதுக்கென்னம்மா இப்ப" என்கிறார். அப்படித்தான் சொல்வார், அதில் சந்தேகமே இல்லை. சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு அவர் முகம் எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆ) நான் சொல்வதற்குள் அவருக்கு ஏதோ ஆகி [நான்கு வரி எழுதினேன். கதை சட்டென்று கனமாகிவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷனைக் கதைக்காகச் சாகடித்தவளை என்ன சொல்வது? அடித்துவிட்டேன்.]

இ) ஒருநாள் காலையில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறேன். அவருக்குக் கண் கலங்குகிறது. நாய்க்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கலாம் என்று குளியலறைக்குள் போகிறார். வாளி நகர்கிறது. நாய் ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அவர் வாசலில் குவளையோடு நின்று அதைப் பார்க்கிறார்.

இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். நடக்காமலும் போகலாம்.

9

'முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்' என்று எழுதிவிட்டு நழுவுவது எங்கள் தொழிலில் சகஜம். எனக்கும் பழக்கம்தான். எந்த வாசகர் என்று இதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை.

என் பெயர் வருகிற இதழைக் கடையில் கேட்டு வாங்கி, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, ஒரு வார்த்தை விடாமல் படிக்கிற ஒருவர் உண்டு. இந்த முடிவு அவருக்கு. மற்றவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

அப்பா, தினமும் குளிப்பாட்டச் சொன்னது நான்தான். எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. துணி சோப்பும் வினிகரும் உங்க யோசனை, அதுக்கு நான் பொறுப்பில்ல. ஆனா நீங்க 'தாங்குவானா'ன்னு கேட்டீங்க. நான் அதக்கூட காதுல வாங்கல. உங்களைத் திட்டினப்ப நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல? சொல்லியிருக்கலாம்பா.

மாப்பிள்ளைக்கு அரிப்பு நின்னு ரெண்டு மாசமாச்சு. டெஸ்ட் எதுவும் வரவேண்டியதில்ல. பக்கத்துல உக்காந்து கூப்பிட்டாலும் என்கிட்ட பாதிதான் சாப்பிடறான்.

இந்த இதழ் வர்ற அன்னைக்குப் பத்து மணிக்கு நான் எந்த வேலையும் வச்சுக்கல. போன் பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம்பா.