குங்குமம் வைத்த இத்தாலியச் சீமாட்டி

1

"பொட்டை அழிச்சாத்தேன் விலை சொல்ல முடியும்."

"அழிக்கப்படாது."

"வெள்ளைக்காரிக்கு எதுக்கும்மா பொட்டு? நல்லவேளை, மூக்குக் குத்தாம விட்டீங்க."

2

இந்தக் கதை வெனிஸில் தொடங்கியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துப் படித்து, நான் பார்த்தேயிராத பனியை எழுதும் ஆசை எனக்கு. 'கால்வாயின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஓவியர்—'

[பனி எப்படி இறங்கும்? இங்கே புழுதிதான் இறங்குகிறது.]

ஆகவே 1934, மதுரை, வடக்கு மாசி வீதி. வக்கீல் கைலாசநாதன் இறந்துவிட்டார். இளைய தாரத்து மகன் வெங்கட்ரமணன் மதராஸுக்குக் குடிபோகிறான். வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறான். பொட்டை அழிக்கச் சொன்னவர் ஏலக்காரர் சோணைமுத்து. தடுத்தவள் மூத்த தாரத்து மகள் நாகலக்ஷ்மி.

படத்தில் ஓர் இத்தாலியச் சீமாட்டி. முந்நூறு வருஷத்துக்கு முந்திய மேதை ஒருவர் வரைந்தது என்பார் வக்கீல். நாகலக்ஷ்மியைப் பெற்றதும் கண்ணை மூடிய அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. "உங்கம்மா இதே ஜாடைதான்" என்று சொல்லி, அந்தப் படத்துக்கே பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டி வந்தார்.

3

"சாமி, படம் கறுத்துக் கெடக்கு. இது வயசான கறுப்பா, கற்பூரக் கறுப்பான்னு தெரியலை. பொட்டுக்கு அடியிலதேன் புகை படாத இடம் இருக்கும். அங்கயும் கறுத்திருந்தா அசலு, இல்லைன்னா போலி."

"அழிச்சுப் பாரும்," என்றான் வெங்கட்ரமணன். "அசல்னா மதராஸ்ல வாங்க ஆள் இருக்கு. போலின்னா அக்காவே எடுத்துண்டு போகட்டும்."

ஈரத்துணி நெற்றிவரை வந்துவிட்டது. இங்கே நிறுத்துகிறேன். சோணைமுத்துவுக்கு என்ன தெரியும், பாவம். அடியில் இருக்கப்போவது நான் எழுதுவதுதான்.

முடிவு ஒன்று: அசல். படம் ரயிலேறுகிறது. சுவரில் மிஞ்சிய வெளுத்த சதுரத்தை நாகலக்ஷ்மி— [வீடே கைமாறுகிறது. சுவர் ஏது அவளுக்கு?]

முடிவு இரண்டு: போலி. படம் அவளுக்கு. நேற்றுவரை இதுதான் என் முடிவு. ஆனால், மேதை வரைந்தது என்று அப்பா சொன்னது பொய்யானால், அம்மாவின் ஜாடை என்று சொன்னதை அவள் எதை வைத்து நம்புவாள்?

முடிவு மூன்று: துணி நெற்றியில் படுவதற்குள் கதையை முடித்து—

[இல்லை. இது ஓடி ஒளிவது.]

4

நாகலக்ஷ்மி பொட்டின் மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சோணைமுத்துவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

"போலின்னே எழுதுங்கோ."

"அப்போ உங்கப்பா சொன்னது?"

கையை எடுக்காமலே கேட்கிறாள்.

"அப்பாவுக்கும் அது தெரியாதுன்னு ஒரு வரி சேர்த்துடுவேளா?"