எட்டாத ஹேண்டில் பார்

தையல்காரி அந்தப் பழைய சைக்கிளை வாங்கியதே சக்கரத்தைப் பார்த்து மயங்கித்தான். குட்டிச் சக்கரமாக இருக்கிறதே, குள்ளமான தனக்கென்றே செய்தது என்று நினைத்துவிட்டாள். அவசரமும் இருந்தது, கண்ணுகளா. வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் தையல் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடுகிற லட்சணத்தில் அந்த மாதம் மூன்று முறை தாமதம். இன்னொரு முறை மணி அடித்த பிறகு வந்தால் கட்டிங் மேசை வேறொருத்திக்கு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த மேசையில் கத்தரி பிடிக்கப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை அடிவரை இறக்கியதில் கால் தரையில் பட்டது. கைதான் ஹேண்டில் பாருக்கு எட்டவில்லை. எக்கிப் பிடித்தால் உடம்பு சீட்டைவிட்டு நழுவியது. பரண்மேல் டப்பா எடுக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

கொக்கு என்று தெருவே அழைக்கும் அவள் வீட்டுக்காரர், சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, சீட்டை ஒரு சாண் உயர்த்தித் தானும் ஏறினார். அச்சாகப் பொருந்தியது. தெருக்கோடிவரை போய்வந்தவருக்கு இறங்க மனமில்லை.

"பட்டன் சின்னதா இருந்தா சட்டையும் சின்னதா இருக்கும்னு யாரு சொன்னா? நீ தைக்கிறவதானே?" என்றார். "சக்கரம்தான் குட்டி. உடம்பு பெரிய சைக்கிள் நீளம். இது எனக்குன்னே பொறந்தது. நீ பழையபடி ஸ்கூட்டர்லயே வா."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. உள்ளே போய் ஸ்பேனரோடு வந்தாள். அவரை இறக்கிவிட்டு, சீட்டையும் மறுபடி அடிவரை இறக்கி, அதன் மூக்கில் முழங்கையை வைத்து விரலை நீட்டினாள். ஹேண்டில் பாருக்கு நாலு விரற்கடை மிச்சம். குனிந்து சீட்டின் அடியைப் பார்த்தாள். சீட்டைக் கம்பியோடு பிடித்திருந்த கிளிப் பின்பக்கம் தள்ளி இருந்தது. கழற்றி முன்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். சீட் இரண்டு விரற்கடை முன்னே வந்தது. ஹேண்டில் பாரைத் தன் பக்கம் சாய்த்து முறுக்கியதில் மீதியும் சரியாயிற்று.

விடாமல் மறுபடி ஏறிப் பார்த்த கொக்குக்கு முட்டி இரண்டும் ஹேண்டில் பாரில் இடித்தன. பழையபடி வைத்துத் தரச் சொல்லிச் சாயங்காலம்வரை கெஞ்சினார்.

"என் அளவுக்குப் பிடிச்சுத் தெச்சாச்சுங்க. இனிமே பிரிக்கிறதா இல்ல," என்றாள் அவள்.

திங்கள் காலை, பாதிக் கன்னத்தில் நுரையோடு அவர் வாசலுக்கு ஓடிவந்து, பிரேக்கைப் பார்த்துப் பிடி என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள். மணி அடித்தபோது கத்தரி அவள் கையில் இருந்தது.