கோப்பாயில் கழன்ற நட்டுகள்

விஜயதசமி அன்று காலை ஆறு நாற்பதுக்கு, கோப்பாய் மெக்கானிக் கேதீஸ்வரன் பதினேழு வருடங்களில் தன் கையால் இறுக்கிய எல்லா நட்டுகளும் ஒரே நேரத்தில் அரைச் சுற்றுக் கழன்றன. கோயில் வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களில் பதினொன்றின் கண்ணாடிகள் தலை குனிந்தன. வெங்காயத் தோட்டத்தில் ஒரு தண்ணீர்ப் பம்பி இரண்டு தரம் துள்ளிவிட்டு நின்றது. மானம்பூத் திருவிழாவில் அசுரனாக நட்ட வாழையை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய மனைவி மகாதேவியின் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அது பொய்க்கால். இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் மிதிவெடியில் போன காலுக்குப் பதிலாகக் கிடைத்தது. பாதத்தைக் கணுக்காலோடு பிடிக்கும் போல்ற்றைக் கேதீஸ்வரன்தான் இறுக்கிக் கொடுப்பார். வேறு ஒருவரையும் அதில் கைவைக்க விட்டதில்லை.

மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி வீட்டுக்கு வந்து பார்த்தால், வீட்டோடு ஒட்டிய அவருடைய கராச் வெறுமையாகக் கிடந்தது. முதல்நாள் ஆயுத பூசைக்கென்று ஸ்பனர், குறடு, சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெள்ளை வேட்டி விரித்து அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அப்படி வைத்ததைத் தசமி காலை வரை தொடக்கூடாது. தசமி காலை எந்தக் கை முதலில் எடுத்துத் தொழில் தொடங்குகிறதோ, ஆயுதம் அந்தக் கைக்குத்தான் அடங்கும் என்பது தொழில்காரர் நம்பிக்கை. சாமிக்கு முன்னால் வைத்ததைப் பூட்டி வைப்பது மரியாதையில்லை என்று, வருடம் முழுக்க ஆமைப்பூட்டுத் தொங்கிய கதவைத் திறந்த மேனிக்கு விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார் மனுசன். இப்படியும் ஒரு பக்தி! கள்ளன் படைத்திருந்த அவலையும் கடலையையும் தொடவில்லை. வேட்டியோடு ஆயுதங்களைச் சுருட்டிக்கொண்டு போய், ஆறு நாற்பதுக்கு எங்கேயோ ஒரு நட்டை இடப்பக்கம் திருகியிருக்கிறான். முதல் கை அவனுடையதாகப் போயிற்று. அன்றிலிருந்து அவன் கழற்றினால் கேதீஸ்வரன் பூட்டியதெல்லாம் கழன்றது, அவன் இறுக்கினால் இறுகியது. இதில் வாதாட ஒன்றுமில்லை. ஊரே பார்த்தது.

கேதீஸ்வரன் பொலிசில் முறைப்பாடு எழுதிவிட்டு, யாழ்ப்பாணம் போய்ப் புது ஆயுதங்கள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதலெழுத்தை அரத்தால் கீறினார். சுவரில் ஆணியடித்து மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்புப் பெயின்றால் கோடு போட்டார். ஏதாவது காணாமல் போனால் வெறும் கோடு காட்டிக்கொடுக்கும். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வைத்தார். கதவுப் பிணைச்சலை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்டார். இரண்டு ஆமைப்பூட்டு, ஒரு கமரா, ஆள் நடமாடினால் எரிகிற லைற் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. எலிகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என்ன பிரயோசனம்? மகாதேவியின் போல்ற்றைப் புது ஸ்பனரால் எவ்வளவு இறுக்கினாலும், கள்ளன் எங்கேயோ இருந்து திருகியதும் கழன்றது. புது போல்ற்றே போட்டுப் பார்த்தார். பழையதுகளைப் பார்த்து அதுவும் கழன்றது.

மகாதேவிக்கு வேலை பருத்தித்துறை வீதிக்கு அந்தப் பக்கம், முன்பள்ளியில். காலை ஏழரைக்கு வீதியைக் கடக்கவேண்டும். பஸ்ஸும் லொறியும் கண்மண் தெரியாமல் ஓடுகிற நேரம் அது. முதல் கிழமை குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தார். அடுத்த கிழமை கிணற்றடியில் விழுந்தார். மூன்றாம் கிழமை நடுவீதியில் பாதம் முழுதாகக் கழன்று தனியே உருண்டு போக, மணல் லொறியொன்று அவருடைய தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. வாசலில் நின்று பார்த்த கேதீஸ்வரன் ஓடிப்போய்த் தூக்கினார்.

"இஞ்சேர், உனக்குக் கும்பிட்டன், இனிப் பள்ளிக்கூடம் போகாதை" என்றார்.

"அவன் எடுத்தது உங்கடை சாமானை. என்ரை காலையும் சேர்த்துக் குடுக்கச் சொல்லுறியளே?" என்றார் மகாதேவி, சட்டையில் மண்ணைத் தட்டியபடி.

அன்று பின்னேரமே கேதீஸ்வரன் ஆழ்வாப்பிள்ளையைப் பிடித்தார். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்லித் திரிகிறவர் ஆழ்வாப்பிள்ளை. அவருக்குச் செத்த வீட்டுக் குரல் ஒன்றுதான் உண்டு. நீர்வேலி, இருபாலை, உரும்பிராய் எங்கும் அந்தக் குரலிலேயே, ஆயுதங்களை எடுத்துச் சென்ற ஐயா அவர்கள் அவற்றைத் தாங்களே வைத்திருக்கலாம் என்றும், பகலில் என்ன கழற்றினாலும் மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் இறுக்கி, ஏழரைக்கு ஒரு பெண்பிள்ளை வீதியைக் கடக்கும்வரை எதையும் தொடாதிருக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதாகவும் அறிவித்தார். யார் செத்தது என்று கேட்டு வாசல் படலைக்கு ஓடி வந்த சனம் ஒன்றும் விளங்காமல் நின்றது.

மறுநாள் ஏழு மணிக்குப் பாதம் தொளதொளவென்று கிடந்தது. ஏழு பத்துக்கும் அப்படியே. ஏழு இருபதுக்கு மகாதேவி சேலையைச் செருகிக்கொண்டு வீதிக்கரைக்கு வந்துவிட்டார். எதிர்ப்பக்கம் பிள்ளைகள் வாசலில் நின்று கையைக் காட்டின. கேதீஸ்வரன் மனைவியின் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை; நாசமாய்ப் போவான், கை அழுகிப் போவான் என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். ஏழு இருபத்தாறுக்குக் கணுக்காலில் கிறுக் என்று ஒரு சத்தம். நின்ற மோட்டார் சைக்கிள்களின் கண்ணாடிகள் நிமிர்ந்தன. மகாதேவி கையை உதறிவிட்டுக் கடந்தார்.

பிறகு கள்ளன் நேரம் தவறவில்லை. ஏழு மணிக் கிறுக் சத்தத்துக்குத்தான் கோப்பாயில் பலர் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்கள். மாசி மாதம் பொலிஸ்காரர் ஒருவர் ஃபோனில் படம் கொண்டு வந்தார். கள்ளச் சாமான் விற்றுப் பிடிபட்ட ஒருவனின் வீட்டில், வேட்டியில் கிடந்த ஆயுதங்களை எடுத்த படம். வேட்டிகூட அதே வேட்டி. பதினான்காம் நம்பர் ஸ்பனரின் வளைவைக் கேதீஸ்வரன் இருட்டில் தடவினாலும் அறிவார். ஓம், என்ரைதான் என்று சொன்னால் ஆயுதங்கள் சான்றுப்பொருளாக நீதிமன்ற அறைக்குப் போகும். வழக்கு முடிய எத்தனை வருடமோ, அதுவரை ஏழு மணிக்கு எடுத்துத் திருக ஒரு கையும் இராது. அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"உது என்ரை இல்லை ஐயா" என்றார்.

"வடிவாய்ப் பாருங்கோ."

"பார்த்தனான். இல்லை."

உரிமை கோர ஆளில்லாதபடியால் அன்றைக்கே அவனையும் விட்டார்கள், சாமானையும் விட்டார்கள். அவன் எந்த ஊர், என்ன பெயர் என்று கேதீஸ்வரன் கேட்கவில்லை. கேட்டால் போய் அடித்துவிடுவேன் என்று பயம் என்று மனைவியிடம் சொன்னார்.

ஆடி மாதம் நடுவில் ஒரு நாள் ஏழு மணிச் சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த நாட்களில் ஊரெங்கும் காய்ச்சல். மகாதேவி இரண்டு நாளும் பொய்க்காலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார். வீதிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கேதீஸ்வரன் கராச்சின் பூட்டுகளைத் திறப்பதும் பூட்டுவதுமாகத் திரிந்தார். மூன்றாம் நாள் ஏழு பதினைந்துக்கு நட்டு கால் சுற்றுத்தான் இறுகியது. எழும்பி இருந்து திருகத் தெம்பில்லாதவன் திருகிய மாதிரி இருந்தது. மகாதேவி காலைப் பூட்டிக்கொண்டு, கணவனின் தோளைப் பிடித்தபடி கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"ஆற்றை பேருக்குப் பிள்ளை?" என்றார் ஐயர்.

"பேர் தெரியாது ஐயா. எங்கடை கள்ளனுக்கு."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது."

"ஆயுளைக் கூட்டிக் கேளுங்கோ ஐயா" என்றார் கேதீஸ்வரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முக்கியமாய் வலக்கைக்கு."

ஐயரின் ஸ்கூட்டரும் கேதீஸ்வரன் பூட்டியதுதான். அவர் மறுபேச்சுப் பேசாமல், பெயரும் நட்சத்திரமும் அறியாத அந்தக் கள்ளனுக்கு நீண்ட ஆயுளும் வலக்கைக்குப் பலமும் வேண்டி மந்திரம் சொன்னார். மறுநாள் ஏழு மணிக்கு ஒரு முழுச் சுற்று இறுகியது. ஏழரைக்கு மகாதேவி வீதியைக் கடந்தார்.