வட்டு நிறைந்த வாசகர்கள்

என் இணையதளம் படுத்துவிட்டது. பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு வீங்கி, வட்டில் எனக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் அடைத்துவிட்டதாகச் சர்வர் நிறுவனம் மெயில் அனுப்பியிருந்தது. உள்ளூர எனக்குப் பெருமைதான். அவ்வளவு கூட்டம்! முகப்பில் வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கவுண்டர் லட்சத்தைத் தாண்டிய அன்றே, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கதை எழுதுவதென்று முடிவு செய்து ராஜினாமாவை டைப் செய்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை மேனேஜருக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் என் தம்பி வந்து, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தான். எதிரே என் கணவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“அழிக்கறது ஒரு நிமிஷ வேலை. ஏன் வீங்குச்சுன்னு பாக்காம அழிச்சா நாளைக்கே திரும்ப ரொம்பிடும்” என்றபடி வரிகளை உருட்டியவன், திடீரென்று சிரித்தான்.

“அக்கா, உன் வாசகருங்க எல்லாம் ஒரே வீட்டுலேருந்துதான் வர்றாங்க.”

“யார் வீடு?”

“இந்த வீடுதான்.”

ஆரஞ்சு உரிப்பது நின்றது.

என் கதைப் பக்கங்களை ஓயாமல் திறந்து மூட ஒரு கணினி நிரல் எழுதி, தன் பழைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தார் கணவர். போன மாதம் நான் கதைகளின் முகவரிகளையெல்லாம் மாற்றினேன். நிரல் பாவம், பழைய கதவுகளையே தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ‘பக்கம் இல்லை’ என்று ஒரு வரி விழுந்தது. கவுண்டரோ தட்டியவர்களை எண்ணுமே தவிர, உள்ளே வந்தார்களா என்று பார்க்காது.

“இவ முகம் வாடிக் கெடந்துச்சுடா. சும்மா ஒரு உற்சாகத்துக்கு...” என்றார்.

“முகவரி மாறுனதே தெரியலன்னா, நீங்க ஒருநாளும் உள்ள போய்ப் பாக்கல. படிக்கறதுக்கும் ஆள் வெச்சுட்டீங்களா மாமா?”

எனக்குக் கோபம் வராததுதான் எரிச்சலாக இருந்தது. பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். மனைவியின் ஒரு கதையைப் படிப்பதிலிருந்து தப்பிக்க ஒரு கணினி மொழியையே கற்றுக்கொண்டவரை என்ன செய்வது?

தம்பி நிரலை நிறுத்தி, கோப்பைக் காலி செய்து, கவுண்டரைப் பூஜ்ஜியமாக்கினான். தளம் எழுந்து உட்கார்ந்தது. ஒருவரும் வரவில்லை. பூஜ்ஜியத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவரின் தங்கை.

“என்ன அண்ணி, நாலு நாளா உங்க பக்கம் தெறக்கவே மாட்டேங்குது? போன கதையில வர்ற கஞ்சப் பொம்பள நான்தானே? இன்னொரு தடவ படிச்சுட்டுதான் உங்ககிட்ட சண்டைக்கு வரணும்.”

“இப்பத் தெறக்கும், பாரு.”

கவுண்டர் ஒன்றானது.

ராஜினாமாவை அழித்தேன். பிறகு கஞ்சக்காரியை வைத்தே அடுத்த கதையைத் தொடங்கினேன். இந்தத் தடவை அவளுக்கு ஓர் அண்ணனும் உண்டு.